மேற்கே நகரும் கதியால்

1

கறுப்பு யொகானிஸ்பேரிச் செடியின் தண்டை வெட்டும்போது ஒரு மணம் வரும். பூனை படுத்த மூலையின் மணம் பாதி, பிஞ்சு மாங்காயின் பால் மணம் பாதி. சுவிஸ்காரர் இதன் பழத்தில் பாகு காய்ச்சுவார்கள். தண்டை யாரும் மணந்து பார்ப்பதில்லை. இன்று காலை நான் மணந்தேன். கண்ணை மூடினால் கையில் இருந்தது கிளுவை.

சுவிஸில் வில் என்னும் சிறு நகரத்தின் தோட்டத் துண்டுகள் மேல் மூடுபனி இடுப்பளவுக்கு நிற்கிறது. அதற்கு மேலே செல்வண்ணையின் கம்பளித் தொப்பி மட்டும் மிதந்து மிதந்து வருகிறது. வேலி இனித் தேவையில்லை, வெட்டி எறிய ஒரு கை வேண்டும் என்று விடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். வேலி தேவையில்லாமல் போனதற்குக் காரணம், இந்த மாதத்திலிருந்து வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவருடையவை.

ஊரில் வேலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வேலி உயிருள்ளது. கிளுவையையும் பூவரசையும் தடிகளாக வெட்டி நடுவோம், அவைதான் கதியால். மாரி மழையில் அவை வேர் பிடித்துத் தளிர்க்கும். ஒன்று பட்டுப்போனால் பிடுங்கிப் புதிதை நட வேண்டும். அதே குழியில் நடுவது முறை. ஒரு விரல்கடை தள்ளி நடுவது பழக்கம். பட்டுப்போகாத வேலி கிடையாது. ஆகவே நடக்காத வேலியும் கிடையாது. அந்த விரல்கடைகளுக்காக வழக்காடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். தீர்ப்பு வந்த நாளில் ஒரு பக்கத்தார் கனடாவில், மறு பக்கத்தார் பிரான்சில். நடுவில் வேலி மட்டும் பூத்துக்கொண்டு நின்றது.

அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி வருமென்று நான் நினைத்ததில்லை. பெட்டிகளைச் சோதித்த சுங்க அதிகாரிகளும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2

செல்வண்ணை எனக்கு உறவுக்காரர் இல்லை. அகதி முகாமிலிருந்து என்னை வெளியே விட்ட அந்த முதல் குளிர்காலத்தில், தன்னுடைய ஒற்றை அறையில் மெத்தையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, மிச்ச நிலம் உனக்கு என்றவர். அதைவிட நெருங்கிய உறவு ஒன்றை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

பிறகு அவருடைய மனைவியும் மகன்மாரும் ஒரு கோடை விடுமுறைக்குக் கனடாவுக்குப் போனார்கள். விடுமுறை இன்னும் முடியவில்லை. முதுகு விட்டுப்போய் தொழிற்சாலை அவரை வீட்டுக்கு அனுப்பியது. வீடு அவரைத் தோட்டத்துக்கு அனுப்பியது. சங்கத்திடம் ஆண்டு வாடகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம், பலகையில் அடித்த ஒரு கொட்டில், தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பா. மிளகாய், கத்தரி, வெந்தயக்கீரை, பூசணி. உலகம் அவ்வளவாகச் சுருங்கிய ஒரு மனிதர் அந்த உலகத்தை ஒரு சாண் பெரிதாக்க விரும்பினால் அதில் என்ன தவறு? இப்படித்தான் நான் தொடக்கத்தில் நினைத்தேன். இப்படித்தான் எல்லோரும் தொடக்கத்தில் நினைக்கிறார்கள்.

எனக்கும் போக வேறு இடமில்லை. மனோ, என் மனைவி, முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நான் யன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. வாசற்படியில் சந்திக்கும்போது எங்கள் இருவரில் ஒருவர் எப்போதும் பாதி நித்திரையில் இருப்போம். "சோறு இருக்கு", "பால் முடிஞ்சுது" இவைதான் எங்கள் கடிதங்கள். வாய் நிறையத் தமிழ் கதைக்க எனக்குச் சனிக்கிழமையும் செல்வண்ணையும் வேண்டும்.

அவருடைய துண்டுக்கு மேற்கே திருமதி கெல்லரின் துண்டு. கணவர் இறந்த பிறகு அவர் தனியாக வந்து கொத்துவார். என்னோடு நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கழுவி வைப்பதுபோல டொச், அதாவது ஜேர்மன், பேசுவார். உள்ளூர்ப் பேச்சுவழக்கு எனக்குப் பிடிபடாது என்று அவருக்குத் தெரியும். இந்நாட்டில் என்னோடு அப்படிப் பேசிய ஒரே மனிதர். வானிலை, நத்தை, உருளைக்கிழங்கு. நான் ஓம், ஓம் என்று தலையாட்டுவேன். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒருநாள் சொன்னார். அதற்கும் ஓம் என்றேன்.

பிறகு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்து, அவர் வருவது நின்றுபோனது. புல் வந்தது. முள் வந்தது. அவருடைய கணவர் புளிப்புத் தண்டுக்காக எப்போதோ நட்ட ருபார்பர் மட்டும், சேம்பிலை போன்ற பெரிய இலைகளை விரித்து, யாரையும் எதிர்பாராமல் வளர்ந்தது.

செல்வண்ணை தன் பூசணியை எல்லையோரம்தான் நட்டிருந்தார். கிழக்கே ஒரு தொழிற்சாலையின் நிழல். பின்னேர வெயில் முழுக்க மேற்கில். கொடி வேறெங்கே போகும்? எல்லைக் கற்களைத் தாண்டிப் போய்த் திருமதி கெல்லரின் புல்லுக்குள் காய்த்தது. செல்வண்ணை என்னைக் கூப்பிட்டு, கொடியின் நுனியைக் காட்டினார். அது ஒரு விரலைப்போல மேற்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"பார் தம்பி. நான் போகச் சொல்லேல்லை. அது தானாய்ப் போகுது. கடவுள் காட்டுற திசை."

அடுத்த வசந்தத்தில் கொடி போன இடம் வரை கொத்தி, யொகானிஸ்பேரித் தடிகளை வரிசையாக நட்டார். அவை வேர் பிடித்தன. அனுமதி கேட்டாராம். திருமதி கெல்லர் ஊன்றுகோலுடன் ஒருமுறை வந்தபோது, தமக்குத் தெரிந்த நாலைந்து டொச் சொற்களையும் இரண்டு கைகளையும் பாவித்துக் கேட்டாராம். அவர் சிரித்துத் தலையாட்டினாராம். செல்வண்ணையைப் பொறுத்தவரை அது உடன்படிக்கை.

3

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் இந்த நாட்டு உயர்பள்ளிப் பிள்ளைகள் ஒரு நீண்ட ஆய்வு எழுதி, ஆசிரியர்முன் பேசியும் காட்ட வேண்டும். அவள் எடுத்த பொருள் அமெரிக்கா: கடற்கரையோரம் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இளம் நாடு, கண்டத்தின் மறுகரை வரைக்கும் போவது தனக்கு நியாயம் என்று தன்னைத் தானே எப்படி நம்பவைத்தது?

எங்கள் நாட்டைப் பற்றி எழுதலாமே என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

"அதை நீங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள் அப்பா. நாங்கள் பாவமாய் இல்லாத ஒரு கதை வேணும் எனக்கு."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கூடத்தில் நின்று டொச்சில் பேசிப் பழகினாள். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டினேன். மனோ உள்ளே நித்திரை. கதவு பாதி சாத்தியிருக்கும். குரல் மட்டும் வரும்.

முதலில் புரியவில்லை. பிறகு, காது பழகப் பழக, கதை விளங்கத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் வெறும் நிலம் கிடக்கிறது என்றார்களாம். அங்கே மனிதர்கள் இருந்தார்கள்; ஆனால் அவர்கள் வேலி போடவில்லை, எங்களைப்போல உழவில்லை, ஆகவே அது வெறும் நிலம். ஒரு பெரும் பகுதியைப் பிரான்சிடம் வாங்கினார்கள். அதில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதினார்கள், மை காயுமுன் எல்லை நகர்ந்தது. தெற்கிலிருந்த அயல்நாட்டோடு போர் செய்து இன்னும் கொஞ்சம். யார் போய் இருந்து உழுகிறாரோ அவருக்கே காணி என்று சட்டம். முன்னே இருந்தவர்களைத் துவக்கு முனையில் மேற்கே நடத்தினார்கள்; வழிநெடுக விழுந்தார்கள். இவை எல்லாம் கண்கூடான விதி, கடவுள் எங்களுக்கு வகுத்த பாதை என்று எழுத, பத்திரிகைகள் இருந்தன.

அந்த மேற்கே போனவர்களில் சுவிஸ் ஏழைகளும் இருந்தார்களாம். சோறு போட முடியாத கிராமசபைகள் கப்பல் காசு கொடுத்து அவர்களை ஏற்றிவிட்டன, திரும்பி வராதே என்று. இதைக் கேட்டபோது வெங்காயத்தை வைத்துவிட்டேன். நான் அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த நாட்களில், திரும்பிப் போனால் உதவிப்பணம் உண்டு என்று ஓர் அலுவலர் மிக மரியாதையாகச் சொன்னார். பழைய வழக்கம்தான் போலிருக்கிறது.

ஆரணி இரண்டு குரலில் பேசுவாள். போனவர்களின் நியாயத்தை அவர்கள் குரலில், நெஞ்சை நிமிர்த்தி. தன் கேள்வியைத் தன் குரலில், தாழ்த்தி. தாழ்ந்த குரல் அரைக் கதவைத் தாண்டி வரவில்லை. நிமிர்ந்த குரல் வந்தது. சிறுவயதில் அர்த்தம் தெரியாமல் தேவாரம் மனப்பாடமானதுபோல, அந்த வசனங்கள் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. தொழிற்சாலையில் சட்டம் தூக்கும்போது நாக்கு தானாக அவற்றைச் சொல்லும். வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பிழையும் இல்லாத டொச் வசனங்கள் என் வாயில் இருந்தன.

அது எனக்குச் சின்ன விஷயமில்லை. குடியுரிமைக்கான நேர்காணலில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன வசனங்கள் எல்லாம் மேசைமுன் சிந்திப்போய், மொழி இன்னும் போதாது, பிறகு வாருங்கள் என்று அனுப்பப்பட்டவன் நான். ஆரணியின் பள்ளிக்கூடச் சந்திப்புகளில், பன்னிரண்டு வயதிலேயே அவள்தான் எனக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். நான் வாய் திறந்தால் அவளுடைய காது சிவக்கும். அந்தச் சிவப்பைக் காணாதவன்போல நான் யன்னலைப் பார்ப்பேன். நான் செய்யும் யன்னல்களைவிட நல்ல யன்னல்.

4

சித்திரையில் ஒருநாள் ஆரணியைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆய்வு முடிந்து நல்ல புள்ளியும் கிடைத்திருந்தது. செல்வண்ணை கொட்டிலில் தேநீர் ஊற்றினார். அவள் வாங்கிக் குடித்துக்கொண்டே வேலியைப் பார்த்தாள். தடிகள் தளிர்விட்டிருந்தன. ருபார்பர் இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றது.

"பெரியப்பா, இந்த வேலி முந்தி அந்தக் கல்லடியிலை எல்லோ நிண்டது?"

"நிண்டது. வேலிக்கும் கால் இருக்குப் பிள்ளை."

"அந்த அம்மாவிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். தலையாட்டினவ. முள்ளும் புல்லுமாய்ச் சும்மா கிடந்ததைத்தான் எடுத்தனான். இப்ப பார், வெங்காயம். ஆரின்ரை வயிறு எரியுது?"

"மேற்கை போன அமெரிக்காக்காரரும் இதைத்தான் சொன்னவை. உழாத நிலம் ஆரின்ரையும் இல்லை எண்டு."

செல்வண்ணை தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது.

"அப்ப அவங்களும் கமக்காரர்தான். மனுசிக்கு ருபார்பர் வேணுமெண்டால் வந்து பிடுங்கட்டும். பொட்டு விட்டிருக்கிறன். நான் மறிக்கிறனோ?"

ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளியை அவர் வேலியில் உண்மையாகவே விட்டிருந்தார். ஊரில் அயல்வீட்டுப் பெண்கள் வந்துபோக வேலியில் விடுவோமே, அதே பொட்டு. அதை அவர் பெருமையோடு காட்டினார்.

"அவையும் விட்டவை பெரியப்பா," என்றாள் ஆரணி. "பழைய இடத்திலை வந்து மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம் எண்டு ஒப்பந்தத்திலை எழுதிக் குடுத்தவை."

செல்வண்ணை அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். உன்ரை மோள் நல்லாய்த்தான் படிச்சிருக்கிறாள் என்றார். தேநீர்க் கோப்பையை வாங்கிக் கழுவினார். மறுபடி கழுவினார்.

அவள் ரயிலுக்குப் போன பிறகு, கேட்காமலே ஒரு கதை சொன்னார். முந்தின ஆண்டு அவர் ஊருக்குப் போயிருந்தார். பலாலிப் பக்கம் அவருடைய தகப்பன் வழிக் காணி இன்னும் இராணுவத்தின் முட்கம்பிக்கு உள்ளே இருக்கிறது. பாதுகாப்புக்காக என்று அந்நாளில் சொன்னார்கள், இப்போது காரணம் சொல்வதுமில்லை. தெருவோரம் நின்று கம்பிக்கூடாகப் பார்த்தாராம். சிவந்த மண். வெங்காயப் பாத்தி. சீருடை போட்ட ஒரு பொடியன் மண்வெட்டியோடு நின்று, வாய்க்காலைத் திறந்து மூடி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான்.

"நல்லாய்த் தண்ணி மாறினான், தம்பி. ஒரு வரம்பும் உடையேல்லை. அவன்ரை வேலையிலை எனக்கு ஒரு பிழையும் பிடிக்க ஏலாமல் போச்சு."

 வேலியை அவர் திருப்பி நட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு பெரிய துக்கம் ஒரு மனிதனைத் திருத்தாமல் விடாது என்று நம்பினேன். அடுத்த சனிக்கிழமை போனேன். கதியால்கள் இன்னும் ஒரு சாண் மேற்கே நின்றன.

5

வைகாசியில் சங்கத்தார் ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தார்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்; கூட இன்னும் இருவர். கையில் வரைபடமும் அளவு நாடாவும். எல்லை வரைபடத்திலிருந்து மாறியிருந்தால் துண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்த விதி. தலைவர் கல்லைத் தேடினார். கல் செல்வண்ணையின் வெங்காயத்துக்கு நடுவில் இருந்தது.

திருமதி கெல்லரும் ஊன்றுகோலுடன் வந்து தம் பக்கத்தில் நின்றார். முறையிட்டது அவரில்லை. வரச் சொன்னார்கள், வந்தார்.

என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். செல்வண்ணையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்தத் துண்டு போனால் அவருக்குக் காலையில் எழும்ப ஒரு காரணமும் இல்லை என்பதை அங்கே அறிந்தவன் நான் ஒருவன்தான். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, தலைவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்.

"பிழை விட்டனான் எண்டு மட்டும் சொல்லாதை தம்பி. மிச்சம் உன்ரை கெட்டித்தனம்."

நான் நினைத்துக்கொண்டு போனது வேறு. தவறுதலாக நடந்துவிட்டது, வேலியைத் திருப்பி வைப்பார், மன்னியுங்கள். அவ்வளவுதான். ஆனால் மன்னிப்புக்கு என்னிடம் இருந்தது என்னுடைய சொந்த டொச். நேர்காணல் மேசையில் சிந்திய அதே டொச். வாய் திறந்தேன். முதற் சொல் வழுக்கியது. தலைவர் பொறுமையாகப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தை முப்பது வருசமாக எனக்குத் தெரியும்.

அப்போது மற்றது வந்தது.

இந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது என்றேன். வெறுமை எவருக்கும் பயன்படுவதில்லை. உழைப்புத் தொடும் இடத்திலேதான் உரிமை பிறக்கிறது. நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, விளைவித்தோம். களை விதை பரப்பிய இடத்தில் இன்று உணவு விளைகிறது. இது ஒருவருக்கான நன்மை அல்ல, எல்லோருக்குமான முன்னேற்றம். வினைச்சொற்கள் எல்லாம் தத்தம் இடத்தில் போய் அமர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. குரல் ஆரணியின் குரல்போல ஏறி இறங்கியது. கொடியைப் பற்றி நானே சேர்த்தேன்: இயற்கையே அந்தத் திசையைக் காட்டியது என்று.

தலைவர் சிரித்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். தரிசாகக் கிடக்கும் துண்டுகள்தான் சங்கத்துக்குப் பெரிய தலையிடி. களை பற்றி நாளும் முறைப்பாடு. இவர் சொல்வதும் நியாயம்தானே என்றார் தலைவர். வரைபடத்தை முழங்காலில் வைத்து, யொகானிஸ்பேரி நின்ற இடத்தில் பென்சிலால் புதுக் கோடு ஒன்று கீறினார். பிறகு திருமதி கெல்லரிடம் திரும்பி, மிக இதமாக, மிச்சத்தை உங்களால் பராமரிக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேசத் தொடங்கியதிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. இலையுதிர்காலத்தில் சங்கத்தின் ஆண்டு முடியும்போது துண்டை விட்டுவிடுகிறேன் என்றார். இலை வாடிய பிறகு ருபார்பரை மட்டும் கிளப்பிக்கொண்டு போக விடுவார்களா என்று கேட்டார். தாராளமாக என்றார் தலைவர்.

அவர்கள் போனதும் செல்வண்ணை என் கையை உலுக்கினார்.

"என்னவாம்?"

"வெண்டிட்டீங்கள் அண்ணை."

"பாத்தியையோ?"

"எல்லாத்தையும். மனுசியின்ரை முழுத் துண்டும் வருசக் கடைசியிலை உங்களுக்கு வரும்."

அவர் மேற்கே பார்த்தார். கொட்டில் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒரு பாத்திதானே கேட்டனான்," என்றார்.

6

அன்று பின்னேரம் ஆரணியிடம் சொன்னேன். ஒரு சின்னப் பெருமையும் குரலில் இருந்திருக்க வேண்டும். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"அப்பா, அது அவையின்ரை வசனம். என்ரை இல்லை. நான் இரண்டு கை விரலையும் மேற்கோள் குறி மாதிரி மடக்கிக் காட்டித்தான் சொன்னனான்."

நான் சமையலறையில் நின்றவன். விரல்களை எப்படிக் காண்பேன்? ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பொய்யாகிவிடும். எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. யாருடைய வாயிலிருந்து வந்த வசனங்கள், யாரை நடக்க வைத்த வசனங்கள், எல்லாம் தெரியும். அவை நன்றாக இருந்தன. அவ்வளவுதான். தலைவரின் புருவம் இறங்கியபோது உடம்பெல்லாம் ஒரு வெயில் பரவியதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? கண்டம் கடந்து போனவர்களுக்கும் ஒருவேளை நிலம் இரண்டாவதாக இருந்திருக்கும். முதலாவது, தங்கள் வாயில் நியாயம் இவ்வளவு அழகாக ஒலிக்கிறதே என்ற மயக்கம்.

புரட்டாதியில் அவள் படிக்கப் போனாள். லொசானுக்குப் பக்கத்தில் ரெனான். ஒரு அறையில் மூன்று பிள்ளைகள். அதுவும் மேற்கு. சூரிச்சில் ரயில் மாறி, மொழி மாறும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டையும் தாண்டிப் போய்விட்டாள். இப்போது தொலைபேசியில் டொச்சும் குறைந்து, தமிழும் குறைந்து, நடுவில் பிரெஞ்சுச் சொற்கள் முளைக்கின்றன. சுகமோ என்று கேட்டால் சுகம் என்கிறாள். என்ன சாப்பிட்டாய் என்றால் சாப்பிட்டன் என்கிறாள். தோட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கூடத்தில் அவள் நின்று பேசிய இடத்தில் மனோ துணி காயப்போடும் கம்பியை வைத்திருக்கிறாள். நான் இப்போதும் வெங்காயம் வெட்டும்போது கதவைப் பாதி சாத்துகிறேன். குளிர்சாதனப் பெட்டி மட்டும் தனக்குத் தானே பேசுகிறது.

7

இன்று வேலியை வெட்டினோம். செல்வண்ணை தடிகளைக் கட்டுக் கட்டாகக் குவித்தார். இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதுகு விடாது, பாதியைப் புல்லாக விட வேண்டி வரும் என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கத்தியை வைத்துவிட்டுப் பீப்பாவில் கை கழுவப் போனார்.

மூடுபனிக்குள் ஊன்றுகோல் சத்தம் வந்தது. திருமதி கெல்லர், கையில் ஒரு தகர வாளி. எல்லாத் தடிகளும் விழுந்து திறந்து கிடந்த நிலத்தில், வேலி நின்ற இடம் வரை வந்து, பொட்டு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகவே நுழைந்தார். இப்போது எங்கும் நுழையலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

செல்வண்ணை மண் கிளறும் முட்கரண்டியை எடுத்து ருபார்பரைச் சுற்றிக் கிளப்பினார். ஒரு வேரும் அறாமல், ஒரு பல் பிடுங்கும் வைத்தியரைப்போல, குனிய முடியாத முதுகோடு குனிந்து. ஈரச் சாக்கில் சுற்றி வாளியில் வைத்தார். பிறகு கொட்டிலுக்குள் ஓடிப்போய்ப் பூசணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவர் பூசணியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். பாரம், என்னால் தூக்க முடியாது என்றார். அண்ணை என்னிடம் கேட்கவில்லை. அது அவருக்கு விளங்கியது.

வாளியை நான் தூக்கினேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். இரண்டு பேர் நடக்கும் தூரம் ஒரு நல்ல வசனத்துக்குப் போதும். நான் கட்டிக்கொண்டே வந்தேன். அன்று நான் சொன்னவை என் சொற்கள் அல்ல. இல்லை, வினை முன்னே வர வேண்டும். நான் அன்று சொன்னதை நான் நம்பவில்லை. இல்லை, அதுவும் உண்மையில்லை. உங்களிடம் மன்னிப்பு. யாருடைய மன்னிப்பு, எந்த வேற்றுமை உருபு? அவர் வானிலை பற்றிப் பேசினார். இந்த மூடுபனி மதியத்தில் விலகும் என்றார். நான் ஓம் என்றேன். ருபார்பரை எங்கே நடப்போகிறார் என்று கேட்டேன். மாடி முகப்பில் ஒரு பெரிய சாடி இருக்கிறது, வருமோ தெரியாது, அதற்கு ஆழம் வேண்டும் என்றார்.

பேருந்தின் வெளிச்சம் பனிக்குள் மஞ்சளாகக் கரைந்து வந்தது. கதவு திறந்தது. வாளியை உள்ளே வைத்துக் கொடுத்தேன். இப்போதாவது என்று வாய் திறந்தேன். முதற் சொல் வந்து, வழக்கம்போல வழுக்கியது. அவர் படியில் நின்று, என் அடுத்த சொல்லுக்காக, என்றும்போலப் பொறுமையாகக் காத்தார். அது வரவில்லை. சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

திருமதி கெல்லர் என் கையைத் தொட்டார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கும்படி சொன்னார்:

"அன்றைக்கு நீங்கள் மிக அழகாகப் பேசினீர்கள். ஒரு பிழைகூட இருக்கவில்லை."